'டாக்ஸிக்' என்று சொல்லித் தீட்டுக் கழிக்கிறோம்

பிக் பாஸ் தமிழ் தொடங்கிய இரண்டாவது வாரத்துக்குள் நம் கைப்பேசிகளில் ஒரு சொல் ஓடத் தொடங்கிவிடும்: 'டாக்ஸிக்'. அவன் டாக்ஸிக், அவள் டாக்ஸிக், அந்த ஜோடியே டாக்ஸிக். 'ரெட் ஃப்ளாக்' என்பது இதன் தங்கை. பெண்ணியம் படித்தவர்கள், சாதி ஒழிப்பு பேசுகிறவர்கள், பெரியாரைக் குறிப்பிடாமல் ஒரு பத்திகூட எழுதாதவர்கள் எல்லோரும் இந்த வேட்டையில் உண்டு. இந்த சீசனின் டாக்ஸிக் ஆள் யார் என்று கண்டுபிடிப்போம். அவர் வெளியேறும் நாளில் 'வீடு இப்போதான் சுத்தமாச்சு' என்று எழுதுவோம். அடுத்த சீசனில் வேறொருவர் கிடைப்பார்.

இந்தச் சொல் நம்மை முற்போக்காளர்களாக உணரவைக்கிறது. ஆனால் அது செய்யும் வேலை மிகப் பழையது. வீட்டுக்குள் ஓர் அழுக்கு இருக்கிறது, அது ஓர் ஆளின் உடம்பில் ஒட்டியிருக்கிறது, அந்த ஆளை வெளியே தள்ளினால் மற்றவர்கள் அனைவரும் சுத்தம். நம் ஊரில் இதற்குத் தீட்டு என்று பெயர். அதிகாரத்தைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் நாம் தீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். இதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருகிறேன்.

இந்த நிகழ்ச்சியின் மொழியே தீட்டில்தான் தொடங்கியது என்பதை நண்பர்கள் மறந்துவிட்டார்கள். 2017 ஜூனில் ஸ்டார் விஜய் தொலைக்காட்சியில் முதல் சீசன் ஆரம்பித்தது. சில வாரங்களிலேயே சக போட்டியாளர் ஓவியாவின் நடத்தையைக் குறிக்க காயத்ரி ரகுராம் பயன்படுத்திய சொல், 'சேரி பிஹேவியர்'. இருபத்து நான்கு மணி நேரப் பதிவை வெட்டிச் சுருக்கி ஒரு மணி நேரமாக்கும் நிகழ்ச்சி இது. கெட்ட வார்த்தை வந்தால் 'பீப்' ஒலி போடும் நிகழ்ச்சி. எடிட்டிங் மேசையில் உட்கார்ந்திருந்த யாருக்கும் இந்தச் சொல் வெட்டப்பட வேண்டியதாகத் தெரியவில்லை. அவர்கள் காதில் அது கெட்ட வார்த்தையாகவே விழவில்லை.

அந்தச் சொற்சேர்க்கையைக் கவனியுங்கள். முதல் பாதி ஊரின் தமிழ், அடுத்த பாதி கான்வென்ட் ஆங்கிலம். 'சேரி' என்பது மக்கள் வாழும் இடத்தின் பெயர். அதை ஒரு குணத்தின் பெயராக மாற்றும் வேலையை 'பிஹேவியர்' செய்கிறது. எதிர்ப்பு கிளம்பியபோது ஓவியாவுக்கு ஆதரவாக வந்த பதிவுகளில் நான் படித்தவற்றுள் பெரும்பாலானவை, 'ஓவியா அப்படிப்பட்ட பெண் இல்லை' என்றே வாதாடின. வசவை ஏற்றுக்கொண்டு, அது தவறான முகவரிக்குப் போய்விட்டது என்பதுதான் அந்த வாதம். சேரியில் இருக்கும் பெண்கள் எப்படிப்பட்டவர்கள் என்று இவர்கள் நினைத்திருந்தார்கள் என்பது அதிலேயே வெளிப்பட்டுவிட்டது.

அதற்குப் பிறகு யாரும் அந்தச் சொல்லை அவ்வளவு வெளிப்படையாகச் சொல்லவில்லை. கற்றுக்கொண்டார்கள். 'லோக்கல்', 'க்ளாஸ் இல்லை', 'வளர்ப்பு சரியில்லை', 'தரம்' என்று அது வேறு சட்டைகளைப் போட்டுக்கொண்டது. அந்தச் சட்டைகளில் ஆகப் புதியது, இஸ்திரி மடிப்புக் கலையாதது, 'டாக்ஸிக்'. இந்தச் சொல்லைப் பயன்படுத்தும் எல்லோரும் சாதி வெறியர்கள் என்று நான் சொல்லவில்லை. உளவியல் ஆலோசனை அறைகளில் அதற்கு ஒரு பயன் இருக்கலாம். தொலைக்காட்சியின் முன்னால் அது எங்கே போய் நிற்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

சரி, அந்த வீட்டில் மனிதர்கள் ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள்?

1999-ல் நெதர்லாந்தில் 'பிக் பிரதர்' என்று தொடங்கிய வடிவம் இது. தமிழில் பூந்தமல்லியைத் தாண்டி ஒரு படப்பிடிப்பு வளாகத்தில் அந்த வீட்டைக் கட்டினார்கள். உள்ளே போகிறவரிடம் கைப்பேசி கிடையாது, கடிகாரம் கிடையாது, செய்தித்தாள் கிடையாது. எப்போது எழுவது என்பதைப் பாட்டுப் போட்டு வேறு யாரோ முடிவு செய்வார்கள். எதைச் சாப்பிடலாம் என்பது டாஸ்க்கில் ஜெயிப்பதைப் பொறுத்தது. வாரம் ஒருமுறை தனியறைக்குள் போய், கூட இருப்பவர்களில் யாரை வெளியேற்றலாம் என்று காரணத்தோடு சொல்லியாக வேண்டும். அதாவது, பழகிய ஒருவரைப் பற்றிக் குறை சொல்வது அங்கே கட்டாயக் கடமை. சொன்னதைப் பிறகு வெளியே பேசக் கூடாது. எந்த நேரமும் கேமரா.

வெளித் தொடர்பை அறுப்பது, தூக்கத்தையும் சோற்றையும் கட்டுப்படுத்துவது, எந்நேரமும் கண்காணிப்பது, கூட இருப்பவர்களையே ஒருவருக்கு எதிராக ஒருவரைச் சாட்சியாக்குவது. குடும்ப வன்முறையைப் பற்றி ஆய்வு செய்கிறவர்கள் கணவன் வீட்டில் மனைவியை ஒடுக்கும் முறைகளைப் பட்டியலிட்டால் ஏறக்குறைய இதே பட்டியல்தான் வரும். காதலிக்கும் மகளிடமிருந்து கைப்பேசியைப் பிடுங்கி அறைக்குள் பூட்டும் பெற்றோர் கையாளுவதும் இதைத்தான். அப்படிப்பட்ட ஒரு வீட்டைக் கட்டி, உள்ளே பதினைந்து பேரை அடைத்து, அதில் யார் நச்சு என்று நம்மிடம் கேட்கிறார்கள். நாமும் மிகுந்த பொறுப்போடு பதில் சொல்கிறோம்.

(எங்கள் ஆய்வு மாணவர் விடுதியில் இந்த விதிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தோழி, 'இதுல எதுப்பா புதுசு, லேடீஸ் ஹாஸ்டல் மாதிரியே இருக்கு, அங்கே பிரைஸ் மணியாவது உண்டு' என்றாள்.)

அந்த வீட்டில் நெருக்கம் உண்டாகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். தனிமையில் ஒரு தோள் தேவைப்படுகிறது. அந்தத் தோள் கிடைத்தவுடன் அது 'கண்டென்ட்' ஆகிறது. முதல் சீசனில் ஓவியாவுக்கும் ஆரவுக்கும் இடையில் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அவர் பற்று வைத்தார், இவர் விலகினார். இடையில் ஒரு முத்தம், அதை 'மருத்துவ முத்தம்' என்று ஆரவ் விளக்கியது தமிழ்நாட்டுக்கே நகைச்சுவையாகப் போயிற்று. ஆகஸ்ட் தொடக்கத்தில் ஓவியா உடைந்துபோனதை நாம் அனைவரும் இரவு உணவோடு பார்த்தோம். அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதாகப் புகார் எழுந்து, காவல் துறை அங்கே போய் விசாரிக்க வேண்டிய நிலை வந்தது. ஓவியா வெளியேறினார். அந்த சீசனின் வெற்றியாளர் ஆரவ். ஆரவைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒருவர் மீது ஒருவருக்கு விருப்பம் இல்லாமல் போவது குற்றமல்ல. விலக நினைத்தவருக்கு விலகிப் போக ஒரு வாசலும், அழ நினைத்தவருக்குத் தனியாக அழ ஓர் அறையும் இல்லாத வீட்டைக் கட்டியவர்கள் யார் என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வி 'ஓவியா ஆர்மி'யிடமிருந்தும் வரவில்லை, எதிர் முகாமிலிருந்தும் வரவில்லை.

2019-ல் மூன்றாவது சீசனில் மதுமிதா தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டார். நிகழ்ச்சியின் பதில் என்ன? விதியை மீறினார் என்று வெளியேற்றினார்கள். ஒரு மனிதர் தாங்க முடியாமல் உடைவது அந்த வீட்டின் சட்டத்தில் விதிமீறல்.

இனி வார இறுதிப் பஞ்சாயத்து. சனி, ஞாயிறு இரவுகளில் தொகுப்பாளர் வருகிறார், பார்வையாளர்கள் கைதட்டுகிறார்கள், வீட்டில் இருப்பவர்கள் சோபாவில் வரிசையாக உட்கார்ந்து, அழைக்கப்பட்டால் எழுந்து நின்று பதில் சொல்கிறார்கள். யார் யாரிடம் என்ன சொன்னார், எந்த நேரத்தில் எந்த நோக்கத்தோடு தொட்டார், அது நட்பா காதலா என்றெல்லாம் விசாரணை நடக்கிறது. முதல் ஏழு சீசன்கள் அந்த நாற்காலியில் இருந்தவர் பகுத்தறிவாளர் கமல்ஹாசன். 'தேவர் மகன்' எழுதியவருக்குப் பஞ்சாயத்து மேடை புதிதல்லதான். புத்தகங்களைப் பரிந்துரைத்தார், அரசியல் பேசினார், இடையில் கட்சியும் தொடங்கினார். ஆனால் இரண்டு வயது வந்தவர்களின் நெருக்கம் ஊர் நடுவில் விசாரிக்கப்பட வேண்டிய விஷயம் என்ற அந்த மேடையின் அடிப்படையை அவர் ஒருநாளும் கேள்வி கேட்கவில்லை. 2024-ல் நாற்காலிக்கு விஜய் சேதுபதி வந்தார். வீட்டின் நடுவே கோடு போட்டு ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று பிரித்தார்கள். 'ஆட்டமும் புதுசு' என்பது அந்த சீசனின் விளம்பரம். நடுவே கோடு போட்ட தெருக்களில் வளர்ந்தவர்களுக்கு அதில் என்ன புதுமை என்று விளங்கியிருக்காது.

பஞ்சாயத்தின் தரம் என்ன என்பதற்கு ஒரு காட்சி போதும். 2019 ஜூலை. பேருந்தில் பெண்களை உரசும் ஆண்களைப் பற்றிப் பேச்சு வருகிறது. கல்லூரி நாட்களில் அதற்காகவே பேருந்தில் போயிருக்கிறேன் என்று நடிகர் சரவணன் சொல்கிறார். அரங்கம் கைதட்டுகிறது. வெளியே கண்டனம் எழுந்த பிறகு மன்னிப்பு, அதற்குப் பிறகு அவரை அழைத்து வெளியே அனுப்பினார்கள். கதை முடிந்தது. சரவணன் போய்விட்டார், ஆனால் கைதட்டியவர்கள் அடுத்த வாரமும் அதே இருக்கைகளில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கைதட்டலை அப்படியே ஒளிபரப்பியவர்களும் அவரவர் வேலையில்தான் இருந்தார்கள். தீட்டுக் கழிப்பது என்று நான் சொல்வது இதைத்தான்.

ஏழாவது சீசனில் பிரதீப் ஆண்டனிக்கு 'ரெட் கார்டு' கொடுக்கப்பட்டபோதும் இதே கதை வேறு விதமாக நடந்தது. வீட்டிலிருந்த பெண்கள் பாதுகாப்பாக உணரவில்லை என்று சொன்னார்கள், அவர் வெளியேற்றப்பட்டார். உடனே வெளியில் இரண்டு முகாம்கள் உருவாயின. ஒரு முகாமுக்கு அவர் நச்சு, இன்னொரு முகாமுக்கு அந்தப் பெண்கள் நச்சு. வாரக்கணக்கில் அந்தப் பெண்கள் மீது இணையத்தில் கொட்டப்பட்ட வசவுகளை நான் இங்கே எழுதப் போவதில்லை. பெண்கள் பாதுகாப்பற்று உணரும் ஒரு வீட்டை நடத்தி, அந்தப் பயத்தையும் ஒளிபரப்பிக் காசு பார்த்த நிறுவனத்தை இரண்டு முகாம்களும் தொடவில்லை.

இப்போது நான் மிகவும் வெறுக்கும், ஆனால் தவிர்க்க முடியாத பகுதி. மூன்றாவது சீசனில் இலங்கையிலிருந்து வந்த செய்தி வாசிப்பாளர் லாஸ்லியாவும் நடிகர் கவினும் நெருங்கினார்கள். வீட்டுக்குள்ளேயே அப்பா ஸ்தானத்தில் இருந்த சேரன் கவலைப்பட்டார். அதன் பிறகு 'ஃப்ரீஸ்' டாஸ்க். குடும்பத்தினர் உள்ளே வரும்போது போட்டியாளர்கள் சிலையாக நிற்க வேண்டும். கனடாவில் பல ஆண்டுகள் வேலை செய்த லாஸ்லியாவின் தந்தையை நிகழ்ச்சிக்காரர்கள் அழைத்து வந்தார்கள். மகளை நீண்ட காலத்துக்குப் பிறகு பார்க்கும் அந்த அப்பா, கேமராக்களின் முன்னால் மகளைக் கண்டித்தார். வளர்ப்பு, மானம், ஊர் என்ன பேசும் என்பதே அந்தக் கண்டிப்பின் சாரம். மகள் உடைந்து அழுதாள். பார்த்தவர்களில் பெரும்பாலானோர் அப்பாவுக்காக அழுதார்கள். 'அப்பான்னா இப்படித்தான் இருக்கணும்' என்று எங்கள் தெருவிலேயே கேட்டேன்.

அந்தத் தந்தையை நான் குற்றவாளியாக்கவில்லை. உழைத்துக் களைத்த ஒரு சாதாரண மனிதர் அவர். வந்து இறங்கிய அந்த அப்பாவையும் தொலைக்காட்சி பண்டமாகத்தான் பயன்படுத்தியது. ஆனால் அந்த வீட்டில் நாலைந்து பேர் கத்துவார்கள், பொருளை எறிவார்கள், அவமானப்படுத்துவார்கள். அதெல்லாம் டாக்ஸிக். வயது வந்த ஒரு பெண்ணின் விருப்பத்தைக் கோடிக்கணக்கானவர்கள் முன்னால் மானத்தின் பெயரால் நிறுத்தியதை மட்டும் யாரும் அந்தச் சொல்லால் அழைக்கவில்லை. அது பாசம். 'டாக்ஸிக்' என்ற சொல்லின் எல்லை எங்கே முடிகிறது என்பது அன்றைக்குத் தெரிந்தது. குடும்பத்தின் வாசற்படியில் முடிகிறது.

தமிழ்நாட்டில் நெருக்கத்தைக் கேமரா பார்த்த வேறு இரண்டு தருணங்களை இங்கே சொல்லியாக வேண்டும். 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் தன்னுடன் படித்த, வேறு சாதியைச் சேர்ந்த தோழியுடன் பேசிக்கொண்டிருந்தார். அது காதலா நட்பா என்ற 'விசாரணை' அங்கேயே நடந்து, அவர் கடத்திக் கொல்லப்பட்டார். கோயிலின் சிசிடிவி பதிவு அந்த வழக்கின் முக்கியச் சான்றானது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரும் கௌசல்யாவும் வெட்டப்பட்டார்கள். சங்கர் இறந்தார், கௌசல்யா உயிர் பிழைத்தார். அதுவும் சிசிடிவியில் பதிவானது. செய்தித் தொலைக்காட்சிகள் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டின. அடுத்த ஆண்டு இதே தொலைக்காட்சி உலகம், இதே கேமராவை அலங்கரித்த படுக்கையறைகளில் பொருத்தி, 'இவங்களுக்குள்ள என்ன ஓடுது' என்று நம்மைப் பார்க்கச் சொன்னது.

இரண்டும் ஒன்றல்ல. ஒன்று கொலை, மற்றொன்று பொழுதுபோக்கு. ஆனால் இரண்டையும் பார்க்கும் கண் ஒன்றுதான்: ஓர் ஆணும் பெண்ணும் பேசினால் அது என்ன என்று தீர்மானிக்கும் உரிமை தனக்கு உண்டு என்று நினைக்கும் ஊரின் கண். 1916-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையில் அம்பேத்கர், அகமணமே சாதியின் உயிர் என்பதையும், அதைக் காக்கப் பெண்ணின் உடலையும் விருப்பத்தையும் எப்படியெல்லாம் கட்டுப்படுத்தினார்கள் என்பதையும் விளக்கினார். அந்தக் கட்டுப்பாட்டுக்குக் கூலியில்லாத காவலாளிகள் தேவை. ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர் முன்பு அந்த வேலையைச் செய்தார். இப்போது நாம் மாதச் சந்தா கட்டி அதைச் செய்கிறோம்.

சாதி என்ற சொல் மட்டும் இந்த நிகழ்ச்சிகளில் உச்சரிக்கப்படாது. 2018-ல் கலர்ஸ் தமிழ் 'எங்க வீட்டு மாப்பிள்ளை' நடத்தியது. நடிகர் ஆர்யாவை மணக்கப் பதினாறு பெண்கள் போட்டியிட்டார்கள். பெண் பார்க்கும் சடங்கை மேடையேற்றி, ஒருவரை நோக்கிப் பதினாறு பேரை ஓடவிட்டு, அழவைத்து, ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பி, கடைசியில் மாப்பிள்ளை யாரையும் தேர்ந்தெடுக்காமல் எழுந்து போனார். அந்தப் பெண்களைத்தான் ஊர் 'புகழுக்கு அலைகிறவர்கள்' என்றது. மாப்பிள்ளையை அல்ல.

புகழுக்கு அலைவது என்ற இந்த வசவைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். நம் பக்கத்து நண்பர்களும் இதைத் தயங்காமல் சொல்கிறார்கள்: 'காசுக்கும் புகழுக்கும்தானே போனாங்க, அனுபவிக்கட்டும்.' தமிழ்த் திரையுலகில் புகழ் எப்படி வழங்கப்படுகிறது என்று தெரியாதவர்கள் பேசும் பேச்சு இது. தயாரிப்பாளரின் மகன், இயக்குநரின் தம்பி, நடிகரின் மருமகன் என்று பிறப்பிலேயே புகழைப் பெற்றவர்களை யாரும் புகழ்வெறியர் என்பதில்லை. அது அவர்களுக்குக் குடும்பச் சொத்து. அந்தக் குடும்பங்கள் பெரும்பாலும் எந்தச் சாதிகளைச் சேர்ந்தவை என்பதும் எல்லோருக்கும் தெரியும். அப்படிப் பிறக்காதவர்களுக்குத் திறந்திருக்கும் ஒரு சந்துக் கதவு இந்த வீடு. அந்தக் கதவின் கட்டணம், உங்கள் அந்தரங்கம். ஒரு காதல், ஒரு முறிவு, ஒரு கதறல் இல்லாவிட்டால் ஒரு மணி நேர ஒளிபரப்பில் உங்களுக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காது. ஐம்பது லட்சம் பரிசு ஒருவருக்கு. மற்றவர்கள் தங்களிடம் இருப்பதிலேயே விலை போகக்கூடியதை விற்கிறார்கள். ஆசைப்பட்டவர்களை இகழ்வது மேட்டிமை. விலையை நிர்ணயித்தவர்களைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

அந்தப் புகழை வைத்து என்ன செய்கிறார்கள் என்பது வேறு கேள்வி. மூன்றாவது சீசனின் மீரா மிதுன், வெளியே வந்த பிறகும் வெளிச்சம் தன் மீதே இருக்க வேண்டும் என்று ஒவ்வொருவரையாகத் தாக்கி வீடியோ போட்டுக்கொண்டிருந்தார். 2021-ல் பட்டியல் சாதி இயக்குநர்களைத் திரைத்துறையை விட்டே வெளியேற்ற வேண்டும் என்று பேசி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைதானார். சத்தம் போட்டால் முகம் திரையில் நிற்கும், யாரையாவது 'வெளியேற்று' என்றால் கைதட்டல் கிடைக்கும் என்பது அந்த வீட்டின் இரண்டு பாடங்கள். அவர் இரண்டையும் நன்றாகக் கற்றிருந்தார். மிச்சத்தை அவருடைய சாதி உணர்வு பார்த்துக்கொண்டது.

'நம் ஆட்களை உள்ளே அனுப்பினால் மாற்றலாம்' என்ற வாதமும் உண்டு. ஆறாவது சீசனில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சிப் பொறுப்பில் இருந்த ஒருவர் உள்ளே போனார், கடைசி நாள் வரை நின்றார், இரண்டாம் இடம். கோப்பை, சீசன் முழுக்கக் குரலை உயர்த்திச் சண்டை போட்டு, வாராவாரம் கமலிடம் குட்டு வாங்கிய அசீமுக்கு. ஒரு தனி மனிதரின் தகுதியைப் பற்றிய விவாதம் அல்ல இது. வாராவாரம் கண்டிப்பதும் கடைசியில் கோப்பை கொடுப்பதும் ஒரே நிறுவனம்தான். கண்டிப்பும் நிகழ்ச்சி, கோப்பையும் நிகழ்ச்சி. அந்த வீட்டில் நல்லவருக்கும் கெட்டவருக்கும் இடம் உண்டு, இரண்டும் விற்கும்.

இதையெல்லாம் ஒழுங்குபடுத்தவே முடியாதா என்றால், முடியும். இந்த வடிவம் இன்னும் மூர்க்கமாக ஓடிய பிரிட்டனில் 'லவ் ஐலண்ட்' நிகழ்ச்சியில் பங்கேற்ற இருவர் 2018, 2019-ல் தற்கொலை செய்துகொண்டார்கள். 2019 மே மாதம் 'ஜெரமி கைல் ஷோ'வில் கலந்துகொண்ட ஒருவர் இறந்தபோது அந்த நிகழ்ச்சியே நிறுத்தப்பட்டது. நாடாளுமன்றக் குழு விசாரித்தது. 2021 ஏப்ரல் முதல், பங்கேற்பாளரின் மனநலத்தைக் காக்கும் பொறுப்பு ஒளிபரப்பு விதிகளிலேயே சேர்க்கப்பட்டது. அதனால் அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்றில்லை. ஆனால் கேள்வி, யார் நச்சு என்பதிலிருந்து யார் பொறுப்பு என்பதற்கு நகர்ந்தது. இங்கே நம்மிடம் இருப்பது சேனல்களே கூடி அமைத்துக்கொண்ட புகார்க் குழு. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது, நடுவில் வெளியேற விரும்புகிறவர் அபராதம் கட்ட வேண்டுமா, உளவியல் மருத்துவர் நிறுவனத்துக்கு வேலை செய்கிறாரா போட்டியாளருக்கா, சாதி வசவு வந்தால் ஒளிபரப்பும் முன் யார் பதில் சொல்வது என்று ஒரு சீசனில்கூட நாம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அது ட்ரெண்ட் ஆகியிருக்காது என்பது எனக்கும் தெரியும்.

டிவியோடு இது நின்றிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். நம் வாசிப்பு வட்டங்களிலும் இயக்கக் குழுக்களிலும் வார இறுதிப் பஞ்சாயத்து தொடங்கிவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரு குழு. பெயர் வேண்டாம். மூத்த ஆய்வாளர் ஒருவர், புதிதாக வரும் முதல் தலைமுறை மாணவிகளுக்கு ஆய்வு முன்மொழிவு திருத்திக் கொடுப்பார், கருத்தரங்குகளுக்குப் பெயர் பரிந்துரைப்பார், உதவித்தொகை விண்ணப்பத்துக்கு வழி சொல்வார். அந்த நன்றிக்கடனை வைத்து ஒரு மாணவியை நெருங்கி, அவள் யாரோடு பேசலாம், எதை எழுதலாம் என்று கட்டுப்படுத்தத் தொடங்கினார். பொறுக்க முடியாமல் அவள் குழுவில் எழுதினாள். அடுத்த ஒரு மணி நேரத்தில் ஸ்க்ரீன்ஷாட்டுகள் பறந்தன. அவளுடைய பழைய செய்திகளும் வெளியே வந்தன. அது காதலா இல்லையா என்று நாற்பது பேர் விசாரித்தார்கள். 'அவர் டாக்ஸிக் என்று எனக்கு எப்போதோ தெரியும்' என்று பலர் எழுதினார்கள். எப்போதோ தெரிந்திருந்தால் ஏன் சொல்லவில்லை என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு அவரை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கினார்கள். கைதட்டல் பொம்மைகள் வரிசையாக வந்தன.

அவ்வளவு கதவுகளின் சாவியை ஓர் ஆளிடம் கொடுத்து வைத்திருந்தது யார் என்ற பேச்சு வரவில்லை. புகார் வந்தால் யாரிடம் போக வேண்டும், இரண்டு பக்கமும் கேட்டு முடிவெடுக்கப் பொறுப்பான குழு உண்டா என்ற பேச்சும் வரவில்லை. ஆறு மாதத்தில் அவர் வேறொரு குழுவில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். இவள் குழுவில் இருந்தாள், ஆனால் யாரும் இவளோடு அதிகம் பேசுவதில்லை. புகார் சொன்னவள் மீதும் கொஞ்சம் தீட்டு ஒட்டிக்கொண்டதுபோல.

அவர் நீக்கப்பட்ட இரண்டு நாள் கழித்து அவள் குழுவில் ஒரு கேள்வி போட்டிருந்தாள். 'அவரை அனுப்பிட்டீங்க, சரி. அடுத்த மாசம் என் முன்மொழிவைச் சமர்ப்பிக்கணும். அதை இனிமே யார் படிச்சுத் திருத்தித் தருவீங்க?' அந்தச் செய்தியை முப்பத்தெட்டு பேர் பார்த்ததாகக் காட்டியது. பதில் வரவில்லை. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அதற்குக் கீழே அடுத்ததாக வந்த செய்தி, அன்று இரவு பிக் பாஸ் வீட்டிலிருந்து யார் வெளியேறுவார் என்பதைப் பற்றியது.